காயாத கல்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. வெளி விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். ஒரு தாயின் கதை சொல்லப்போகிறேன். பயம் வரத்தான் செய்யும், ஆனால் பயப்படுவதை விட மனம்தான் அதிகம் நோகும். நொந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் யூலிற்றாவின் வீடு. ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். முன்னறைப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

“வாறன் அப்பு, கதவு திறந்துதான் கிடக்குது,” என்று சொல்லிக்கொண்டே எழும்பினாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

அப்படித் தட்டுகிறவன் உலகத்தில் ஒருவன்தான், அவள் மகன் யதுசன். அவன் சித்திரை மாதம் கடலட்டை பிடிக்கச் சுழியோடினவன், மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை அந்தக் கரைப் பெண்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. யூலிற்றா இன்னும் போடவில்லை.

சின்ன வயதில் படகு ஏற்றும் உருளைக்குள் அகப்பட்டு அவனுடைய வலது சுட்டுவிரல் நசிந்தது. நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. அந்த விரலை மடித்துத்தான் யன்னல் பலகையில் தட்டுவான். “திறந்து கிடக்கிற வீட்டுக்கு ஏனடா தட்டுறாய்?” என்று கேட்டால், “உங்கட சத்தத்தைக் கேக்கத்தான் அம்மா,” என்பான்.

முன்னறையில் ஒருவரும் இல்லை. மூலையில் அவன் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி நீல வெளிச்சத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கடல்தண்ணீர், முருகைக்கல், விரல் விரித்த மாதிரிப் பவளப்பூக்கள், நடுவில் இரண்டு கோமாளி மீன்கள். மாப்பிள்ளை, பொம்பிளை என்று அவன்தான் பெயர் வைத்தான். “எனக்கு முதல் இவைக்கு வீடு கட்டிக் குடுத்திட்டன் பாருங்கோ,” என்று சிரிப்பான். அவன் கையால் தீன் தின்ற உயிர் இனி அந்த இரண்டும்தான். அவற்றைச் சாகவிடக்கூடாது என்பதற்காகவே அவள் காலையில் எழும்பினாள், கரைக்குப் போய்க் கலனில் கடல்தண்ணீர் சுமந்தாள்.

மீன்களுக்குப் பின்னால், தொட்டியின் அடியில், அந்தப் புதுக்கல் இருந்தது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆள் போன இடத்தில் சுழியோடி ஒரு கல் எடுத்து வருவார்கள். வேலியோரம் வெயிலில் காயவைத்து, கடல்மணம் முழுதும் போன பிறகு கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் வைப்பார்கள். மரித்தோர் திருநாளில் சுவாமியார் ஆசீர்வதிப்பார். காயாத கல்லை மட்டும் வாசற்படி தாண்ட விடுவதில்லை.

படகுச் சொந்தக்காரரான அவளுடைய அண்ணன் யாக்கோப்பு ஐப்பசியில் கல்லைக் கொண்டுவந்தார். வேலியோரம் வைத்த அன்றே அதில் ஒட்டியிருந்த சின்ன உயிர்கள் சுருங்கத் தொடங்கின. ஒரு புழு தலையை நீட்டித் தண்ணீரைத் தேடியது. மகனின் கல்லும் தன் கண்முன்னே சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குள் இறக்கினாள். பிழை அங்கேதான், பிள்ளைகளே. தாய் செய்த பிழை.

அதன் பிறகு பொழுதுபட்டால் தட்டல். வீட்டுக்குள் மழைக்கு முந்திய கடலின் மணம் நின்றது. தொட்டியின் மணலில் உடைந்த சிப்பித் துண்டுகள் கூடின. ஒரு விடியற்காலை மாப்பிள்ளையைக் காணவில்லை. பொம்பிளை மட்டும் மூலையில் ஒடுங்கி நின்று செட்டை அடித்தது.

புதுக்குடியிருப்பில் அலங்கார மீன் விற்கும் சுதாகரன், யதுசனின் கூட்டாளி. அவனுக்குத் தொலைபேசி எடுத்து, மீன் காணாமல் போனதையும் மணலில் கிடந்த சிப்பித் துண்டுகளையும் பற்றிச் சொன்னாள்.

“அன்ரி, கல்லுக்குள்ள இறால் இருக்கும். கும்பிடுபூச்சி மாதிரி முன்கையை மடிச்சு வைச்சிருக்கும். பாத்தா நல்ல பிள்ளை, சங்கையே அடிச்சு உடைக்கும்.”

“அவன்ரை தொட்டியில அதையும் வைச்சிருக்க ஏலாதோ, தம்பி?”

“ஏலவே ஏலாது. பவளமும் மீனும் உள்ள தொட்டியில அதை விட்டா, கோழிக்கூட்டுக்குள்ள மரநாயை விட்ட கணக்கு. வளக்க ஆசையெண்டா தனித் தொட்டி வேணும். அடிச்சா கண்ணாடியையும் வெடிக்க வைக்கும்.”

“அது தட்டுமோ?”

“ஓம், டொக் டொக் எண்டு கேக்கும்.”

அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “ரெண்டு தட்டி, பொறுத்து ஒண்டு தட்டுமோ?”

அந்தத் தட்டல் சுதாகரனுக்கும் தெரியும். “பொம்பிளையை இப்பவே வாளிக்குள்ள மாத்துங்கோ அன்ரி,” என்றான். “நாளைக்கு வாறன்.”

வாளி எடுத்தாள். சின்ன வலையும் எடுத்தாள். பொம்பிளையை எடுத்தால் நாளை இறாலையும் எடுப்பார்கள். இறால் போனால் தட்டல் போகும். வலையைப் பிடித்தபடி நின்றாள். டொக், டொக் என்றது கல். வலை கைநழுவி விழுந்தது. கதிரையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அடுத்த தட்டலுக்காகக் காத்திருந்தாள். விடிந்தபோது மணலில் ஒரு செம்மஞ்சள் செட்டை மட்டும் கிடந்தது.

மத்தியானம் சுதாகரனும் யாக்கோப்பும் வந்தார்கள். கல்லை வெளியே எடுத்து உப்பில்லாத நல்லதண்ணீர் வாளியில் அமிழ்த்தினார்கள். ஓட்டைக்குள் இருந்து இறால் துள்ளி வாளிக்குள் விழுந்தது. பச்சையும் சிவப்புமாய், மயில்கழுத்து நிறம். தண்டில் நின்ற கண்கள் தனித்தனியே சுழன்று அவளைப் பார்த்தன.

“கும்பிடுறார் பார், கள்ளன்,” என்றார் யாக்கோப்பு. “பிள்ளை, ஒரு இறாலுக்கோ நீ இவ்வளவு நாளும் காத்திருந்தனி? கல்லைத் தா, இனியெண்டாலும் காயட்டும்.”

“நாளைக்குக் கொண்டுபோங்கோ அண்ணை. இண்டைக்கு மட்டும் தண்ணிக்குள்ள கிடக்கட்டும்.”

அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். கல்லைத் தொட்டிக்குள் திரும்ப வைத்தார். இறாலைக் கடலில் விடக் கொண்டுபோனார்கள்.

பொழுதுபட மழை பிடித்தது. தகரக் கூரையில் கல்லெறிகிற மாதிரிப் பெய்து, பிறகு தூறலாகி, ஓய்ந்தது. மின்சாரம் போனது. தொட்டி மோட்டர் நின்றது. இரவும் பகலும் வீட்டை நிரப்பியிருந்த முணுமுணுப்பு அடங்கியதும், கூரைவிளிம்பில் சொட்டும் துளியும் தன் மூச்சும் மட்டும் அவளுக்குக் கேட்டன. காத்திருந்தாள். தட்டல் இல்லை.

அப்போதுதான் அழுகை வந்தது. ‘ஒரு இறாலுக்கு வாறன் அப்பு எண்டு சொல்லியிருக்கிறன். அவன் வளத்த சீவனை அதுக்குத் தின்னக் குடுத்திருக்கிறன்.’ வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

டொக், டொக்.

அழுகை நின்றது.

டொக்.

கதவுப் பக்கம் இல்லை. யன்னல் பக்கமும் இல்லை.

ரோச்லைற்றை எடுத்தாள். வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, மணலில் ஊர்ந்து, கல்லில் ஏறியது. இறால் இருந்த ஓட்டை. உள்ளே இருட்டு.

இருட்டு அசைந்தது.

வெளுப்பாய் ஏதோ வந்தது. மெல்ல. தண்ணீரில் நெடுநாள் ஊறிச் சுருங்கிய தோல். மடிந்த ஒரு விரல். அதன் நுனியில் நகம்.

இரண்டாகப் பிளந்த நகம்.

கண்ணாடிவரை வந்தது. தட்டியது. இரண்டு. பிறகு ஒன்று.

கல்லின் மற்ற ஓட்டைகளுக்குள்ளும் வெளுப்பாய் விரல்கள் தெரிந்தன. அந்த நகங்கள் கடல் கொண்ட எவருடையவை என்று அவளுக்குத் தெரியாது. அவை தட்டவில்லை. காத்திருந்தன.

கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. தண்ணீர் கசிந்து அவள் காலை நனைத்தது. குளிர். கடலடிக் குளிர். ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் சொன்னது. கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது.

யூலிற்றா ஓடவில்லை. கீறலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“கதவு திறந்துதான் கிடக்குது அப்பு.”

அந்தப் பக்கம் விரல் நிமிர்ந்தது. அவள் உள்ளங்கைக்கு நேரே வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு மற்ற விரல்கள். ஒவ்வொன்றாய். எல்லா ஓட்டைகளிலும் இருந்து.

போதும் பிள்ளைகளே, என் கையை இறுக்கிப் பிடியுங்கள். உங்கள் வீட்டில் எரியும் விளக்கு அணையாதிருக்கட்டும். கடலுக்கும் காட்டுக்கும் போன உங்கள் ஆட்கள் எல்லோரும் பொழுதோடு வந்து சேரட்டும். உங்கள் வாசலில் தட்டுகிற கை என்றைக்கும் சூடுள்ள கையாகவே இருக்கட்டும்.