சுருக்கம் விழுந்த காலை

விடிந்ததும் விடியாததுமாக அந்த வீட்டில் இடி இடித்தது. இடி வேறு யாருமில்லை, நாத்தனார்தான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்களாம்! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு அண்ணி? இனி சமையலை யாரு பாக்குறது?"

மருமகள் கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். வலது குதிகால் வீங்கிப் பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தது. மூலையில் மாமியார் முந்தானையை மென்று தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப் பாத்தாலும் போன்! அதான் விழுந்திருக்கே" என்றான் கணவன். குதிகாலைவிட அதுதான் வலித்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரின் புருவம் நெற்றியைத் தாண்டியது.

"குதிகால் எலும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருக்கு. உயரத்துலேர்ந்து காலை ஊனி விழுந்தாத்தான் இப்படி உடையும். எங்கேர்ந்தும்மா குதிச்சீங்க?"

"பாத்ரூம்லதான் டாக்டர்…"

"உங்க பாத்ரூம் என்ன மாடி உயரமா?"

கணவன் முறைத்தான். அவள் தலைகுனிந்தாள். கொடுத்த வாக்கை எப்படி மீறுவது?

அப்போது கிளம்பியது ஓர் ஓலம்! படுத்திருந்த நோயாளிகளில் பாதிப் பேர் எழுந்து நடந்தே விட்டார்கள்.

"பாவி நான்தாண்டா!" மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். "சுகருன்னு நீங்க ஒளிச்சு வச்ச சாக்லேட் டப்பாவுக்காகப் பரண்ல ஏறிட்டேன். இறங்கத் தெரியல. இவதான் ஏறி வந்து என்னைப் பத்திரமா இறக்கினா… அப்புறம் இவ இறங்குறப்ப ஏணி சறுக்கிடுச்சு! யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டு, இவ திட்டு வாங்குறதைப் பாத்துட்டு நின்னேனே!"

"விடுங்க அத்தை… உங்களை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னுதான்…"

"மன்னிச்சுடும்மா" என்றான் கணவன், மனைவியின் கையைப் பிடித்து.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "டப்பா இப்ப எங்கம்மா?"

"காலி."

டாக்டரே சிரித்துவிட்டார். "தகடு வச்சு ஸ்க்ரூ போடணும். ஆனா வீக்கத்தோட கத்தி வச்சா புண் ஆறாது. காலை ஊனாம, உயரத் தூக்கி வைங்க. வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் விழட்டும். அப்புறம்தான் ஆபரேஷன்."

அன்றிலிருந்து அந்தக் காலுக்கு ராஜ உபசாரம்! மாமியார் அடுக்கிய தலையணைகள் மின்விசிறியை எட்டிப் பார்த்தன. நாத்தனார் அடுப்படிக்கு விரட்டப்பட்டாள். மாமியாரோ வேளை தவறாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் குதிகாலில் சுருக்கம் தேடினாள். முடிந்திருந்தால் தன் கன்னத்திலிருந்தே நாலைந்தைக் கிள்ளிக் கொடுத்திருப்பாள்.

ஒரு காலையில் தெருவே அதிர்ந்தது.

"டேய், வண்டியை எடுடா! என் பொண்ணுக்குச் சுருக்கம் விழுந்துடுச்சு!"

அடுப்படியிலிருந்து அலறியடித்து நிலைக்கண்ணாடிக்கு ஓடினாள் நாத்தனார்.

"நீ இல்லடி, இவ!" என்று மாமியார் மருமகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மருமகள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். காலை மட்டும் தலையணையிலிருந்து இறக்கவே இல்லை.