ஒன்பது ஒன்பதுக்கு வந்தவர்கள்

பள்ளி ஆண்டின் கடைசி நாள். ஐந்தாம் வகுப்பில் எல்லாருக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அச்சடித்த தாள், எல்லாருக்கும் ஒரே வாசகம். அதன் நடுவே 'ப்ரோபிட்டி' என்றோர் ஆங்கிலச் சொல், கோட்டும் சூட்டும் அணிந்த பெரிய மனிதரைப் போல நிமிர்ந்து நின்றது. முப்பத்தொரு தாள்களில் நின்றது. சிட்டுவின் தாளில் மட்டும் அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"என்னடி தப்பு பண்ணே?" என்று கேட்டாள் பக்கத்து இருக்கைக்காரி. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்பதால் வகுப்பே அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்திருந்தது.

"லேட்டா வர்றேன்ல, அதுக்குத்தானாம்," என்றாள் சிட்டு. "திங்கக்கிழமை புது ஸ்கூல்ல இதைக் காட்டணும். கோடு போட்ட பிள்ளையை அவங்க சேர்த்துக்க மாட்டாங்களாம்."

சிட்டு ஏன் தாமதமாக வந்தாள்? அவள் தாய்க்கு ஆறு மணிக்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. தம்பியைக் குழந்தைகள் காப்பகத்தில் விடவேண்டியவள் சிட்டு. காப்பகமோ ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். பள்ளி மணியும் ஒன்பதுக்கே அடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வாசல்களில் நிற்க எந்தப் பிள்ளையால் முடியும்?

"முதல்ல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு பாப்போம், வா!"

நூலகத்தில் இருவரும் தலையணைப் பருமனுள்ள அகராதியைப் புரட்டினார்கள். அதில் கண்டிருந்தது: 'யாரும் கண்காணிக்காத இடத்திலும் வழுவாத நேர்மை.'

வக்கீல் மேசையைத் தட்டினாள். "இதுல மணியைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? எதுக்குடி இந்தச் சொல்லை அடிச்சாங்க?"

நூலகர் முறைத்தார். வக்கீல் அதற்குள் பள்ளி வாசலுக்கு ஓடிவிட்டாள்.

வாசலில் தாமதப் பதிவேடு தொங்கியது. மணி அடித்தபின் வருகிறவர்கள் பெயரையும் நேரத்தையும் தாங்களே எழுதவேண்டும். ஒன்பது பத்து வரைக்கும் மன்னிப்பு உண்டு. அதன்பின் எழுதினால்தான் தாமதக் கணக்கு.

பக்கத்தைப் புரட்டினாள். 9.09, 9.09, 9.09... பதினாறு பேர்! அந்த ஒற்றையாள் கதவில், ஒரே நிமிடத்தில், பதினாறு பேர் எப்படி நுழைந்தார்கள்? நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது. சிட்டு: 9.17. மறுநாள், சிட்டு: 9.19.

வக்கீலின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. அந்தப் பதினாறில் அவள் கையெழுத்தும் இருந்தது.

இதைத் தலைமையாசிரியையிடம் காட்டினால் தன் குட்டும் உடையும். காட்டாவிட்டால்? சிட்டுவின் மேல் விழுந்த கோடு விழுந்தபடியே இருக்கும். பதிவேட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"பாப்பா, அது எங்க போகுது?" என்று கத்தினார் வாட்ச்மேன்.

"சாட்சி சொல்லப் போகுது அண்ணா!"

அவரும், அவளைத் தேடி வந்த சிட்டுவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

தலைமையாசிரியை கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "விதின்னா விதிம்மா. முப்பது நாளுக்கு மேல தாமதமானா அந்தச் சொல்லை அடிச்சுத்தான் ஆகணும்."

வக்கீல் பதிவேட்டை மேசைமேல் விரித்தாள்.

"சிட்டு லேட்டுன்னு எழுதுங்க டீச்சர். அது உண்மை. நேர்மை இல்லைன்னு எழுதாதீங்க. அது பொய். அவ 9.09னு எழுதியிருந்தா யாருக்குத் தெரியும்? பாருங்க, ஒரு நாள்கூட அப்படி எழுதல."

தலைமையாசிரியை பக்கம் பக்கமாகப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க உன் பேரும் இருக்கே. நீ எத்தனை மணிக்கு வந்தே?"

"ஒன்பது இருபதுக்கு, டீச்சர். இப்படி நாலு தடவை எழுதியிருக்கேன்."

அறை வாசலில் நின்ற வாட்ச்மேன், "எனக்கு அன்னிக்கே தெரியும்," என்று முணுமுணுத்தார்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?" என்று தலைமையாசிரியை திரும்பியதும் அவருக்கு உடனே இருமல் வந்துவிட்டது.

புதிய தாள் ஒன்று வெளியே வந்தது. அதில் 'ப்ரோபிட்டி' முழுதாக நின்றது. அதன்கீழே தலைமையாசிரியை தம் கையால் எழுதினார்: 'தாமதமாக வருவாள், வந்த நேரத்தை மறைக்கமாட்டாள்.' சிட்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வக்கீல் தன் சான்றிதழை மேசைமேல் வைத்தாள். "டீச்சர், அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் தர்றீங்களா?"

தலைமையாசிரியை பேனாவை நீட்டினார்.

மாலையில் வக்கீலின் அம்மா சான்றிதழைப் பார்த்துப் பதறினார். "இது என்னடி கோடு? யாரு போட்டது?"

"நான்தாம்மா." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "அடுத்த வருஷம் நான் ஸ்கூலுக்கு எத்தனை மணிக்குப் போனாலும் அதையேதான் எழுதுவேன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தலையைக் கலைத்தார். "காலையில கூப்பிட்ட உடனே எழுந்தா, எழுதவே வேண்டியதில்லையே வக்கீலம்மா!"