தாய்ப்பெட்டிக்கு ஒரு கட்டைவிரல்

நகம் மேலே பார்க்கத்தான் வைத்திருந்தான். அதில் அருள்பாண்டிக்குச் சந்தேகமே இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் பாதிக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் விரலைக் கிடத்தி, மஞ்சள்தூள் தூவி, மறுபடி உப்பால் மூடி வைப்பான். பத்து நாளாக இதே பக்குவம். இன்று காலை மூடியைத் திறந்தபோது விரல் உப்புக்கு மேலே வந்து குப்புறக் கிடந்தது.

பைக்கில் கொண்டுவந்த குலுக்கல் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். பேரையூர் ரோட்டின் பள்ளங்களுக்கு முழு ஆளே குப்புற விழுவான். ஒற்றை விரல் எம்மாத்திரம். ஆனாலும் டப்பாவை மேசையில் வைத்த பிறகு உள்ளங்கையை இரண்டு முறை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

ஊருக்கு வெளியே பழைய பஞ்சு குடோன் அது. தகரக் கூரை, ஒரே ஷட்டர், ஜன்னல் கிடையாது. இரும்பு ரேக்கில் இருபத்திரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகள் சூட்டைக் கக்கிக்கொண்டு ஓடின. மதுரை சிம்மக்கல்லில் செல்போன் கடை வைத்து நொடித்துப்போன பின் அருள்பாண்டி பிடித்துக்கொண்ட தொழில். உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஓயாமல் ஓடி ஒரு கிரிப்டோ நாணயத்தைக் காவல் காக்கின்றன. ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோடு. காவலுக்குக் கூலி, அதே நாணயம். ஒருத்தனே அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று ஆளுக்கு ஒரு நோடுதான் கொடுப்பார்கள். அந்த ஆள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாகத் தினமும் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே கட்டைவிரலை வைக்க வேண்டும். சட்டம் போட்டவன் எங்கோ குளிர்ந்த ஊரில் இருக்கிறான். ஒரு டீக்கும் இருபது ரூபாய்க்கும் பேரையூரில் எத்தனை கட்டைவிரல் கிடைக்கும் என்று அவனுக்கு என்ன தெரியும்?

முதலில் கிடைத்தது மொக்கையனின் விரல். ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் உழைத்து ரேகை தேய்ந்த கைகள். வலது கையை ரேஷன் கடை மிஷினே ஏற்காது. இடது கட்டைவிரல் மட்டும் தப்பியிருந்தது. அறுநூறு நாளுக்கு மேல் ஒருநாள்கூடத் தவறாமல் வைத்ததால் அவருடைய நோடுதான் தாய்ப்பெட்டி. மற்ற இருபத்தொன்றும் அதன் கீழே. தாய்ப்பெட்டிக்கு ஒரு நாள் விரல் தவறினால் எல்லாப் பெட்டிகளுக்கும் முன்பணமாகக் கட்டிய டெபாசிட்டும் போய்விடும். அந்த டெபாசிட், அவன் மனைவி தாமரைச்செல்வி பிறந்த வீட்டுப் பங்கு நிலத்தை விற்றுக் கொடுத்தது. திரும்ப எடுக்க மனுப் போட்டாயிற்று. இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். இன்னும் பதினொரு நாள் பாக்கி.

மனுப் போட்ட அன்று ஊர்த் திருவிழா; ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று மற்ற விரல்களுக்கெல்லாம் லீவு விட்டிருந்தான். காலை ஏழு மணிக்கே மொக்கையன் மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"திருப்பூருக்குப் போறேன் தம்பி. மக வரச் சொல்லிட்டா. எட்டு மணி பஸ்சு."

"பத்து மணிக்கு வெரல வச்சிட்டுப் போ பெருசு."

"பஸ்சு போயிருமேய்யா."

"இரு, டீ வாங்கிட்டு வாரேன்" என்று வெளியே வந்தவன் ஷட்டரை இறக்கிப் பூட்டினான். பொல்லாதவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. மூன்று மணி நேரந்தானே என்றுதான் நினைத்தான். வீட்டுக்குப் போனான், குளித்தான், ஆறு இட்லி தின்றான். கண் அசந்துவிட்டான். திரும்பி வந்து திறக்கும்போது பத்து நாற்பது. சித்திரை வெயிலும் பெட்டிகளின் சூடும் சேர்ந்து உள்ளே அடுப்பாக இருந்தது. ஷட்டரின் உட்பக்கம் தட்டித் தட்டி ரத்தம் அப்பியிருந்தது. தரையில் கிடந்த மொக்கையன் தண்ணீர் கேட்டார். வெரல வையி, தாரேன் என்றான். அவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டார். பிரிக்கப் பார்த்தான். கடித்தார். தலையைப் பிடித்து ரேக்கின் இரும்புக் காலில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவதில் முஷ்டி தானாகத் திறந்தது. பத்து ஐம்பத்தெட்டுக்குத் தாய்ப்பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகுதான் அரிவாளை எடுத்தான்.

மயங்கி விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னான். அவனே முன்னால் நின்று எல்லாக் காரியமும் செய்தான். பிணத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். கை கட்டைவிரல்களைக் கட்ட வந்தவரைத் தடுத்து, கையில காயம், பிரிக்காதீக என்று மணிக்கட்டோடு துண்டைச் சுற்றிவிட்டான்.

இன்று பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது விரல் வைக்க வந்தாள் ஒச்சாயி, மொக்கையனோடு களை வெட்டியவள். மற்றவர்கள் வந்து போனார்கள். இவள் மட்டும் கடைசி ஆளாக நின்று, தன் பெட்டியில் விரலை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கட்டவெரலக் கட்டாமயே தூக்கிட்டீகளே தம்பி. கட்டாத கை சும்மா கெடக்காதும்பாக."

"வெரல வச்சாச்சுல்ல? கெளம்பு."

"தாய்ப்பெட்டிக்கு யாரு வைக்கிறா?"

"அது தானா ஓடும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். இருபது ரூபாயை வாங்காமலே போனாள்.

ஷட்டரை இறக்கினான். அதே நேரம் கரண்டு போனது; மாதாமாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவார்களே, அந்த நாள். பெட்டிகள் இன்வெர்ட்டரில் ஓடும், ஃபேன் ஓடாது. ஃபேன் நின்றதும் இதுவரை அதற்கடியில் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: தகரம் வெயிலில் முறுகும் சத்தம், பெட்டிகளின் இரைச்சல், மேசைமேல் உப்புக் கற்கள் ஒன்றோடொன்று உரசுவதுபோல ஏதோ ஒன்று. மஞ்சள் வாசனைக்கு அடியிலிருந்து செத்த எலியின் நாற்றம் கிளம்பியது.

ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி விரலை நனைத்தான். மிஷினுக்கு ஈரமும் சூடும் வேண்டும். வைத்தான். சிவப்பு. துடைத்து வைத்தான். சிவப்பு. மூன்றாவது முறை அழுத்தியபோது தோல் வழுக்கிக்கொண்டு நகத்தோடு முழுசாகக் கழன்று கையில் வந்தது, உறை மாதிரி.

பத்து நாற்பத்தைந்து. தாமரைச்செல்வியின் நிலம் முழுக்க அந்தத் தோலில் தொங்கியது.

தன் இடது கட்டைவிரலில் அதை மாட்டினான். உள்ளே சில்லென்று இருந்தது. அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வைத்தான்.

பச்சை.

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. வாய்விட்டே சிரித்தான். பிறகு தோலைக் கழற்றப் பார்த்தான். வரவில்லை. ஓரத்தைத் தேடினான். ஓரமே இல்லை. சரி, இருக்கட்டும், பதினொரு நாளைக்கு உப்புச் செலவு மிச்சம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான்.

அப்புறம் நாடி. இடது கையில் இரண்டு நாடி. ஒன்று அவனுடையது, வேகமாக. இன்னொன்று நிதானமாக, ஷட்டரைத் தட்டும் கணக்கில்.

விரல் மடங்கியது. அவன் மடக்கவில்லை.

மற்ற நாலு விரலும் அதன்மேல் மூடின. முஷ்டி. வலது கையால் பிரித்தான். பிரியவில்லை. நகங்கள் உள்ளங்கையைக் கிழித்தன. தொண்டை வறண்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் வேண்டும். ஃபிளாஸ்கை எடுக்கப் போனான். இடது முஷ்டி அதைத் தட்டிவிட்டது.

அவனுக்கு அழுகை வந்தது. "பெருசு," என்றான். "பெருசு, விட்ரு."

முஷ்டி ரேக்கின் இரும்புக் காலில் மோதியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அரிவாள் மேசைக்கு அடியில் இருந்தது. முஷ்டியை மேசைமேல் அழுத்தினான். கட்டைவிரலின் அடிமூட்டில் அரிவாளின் வாயைப் பதித்து வெட்டினான். எலும்பு. மறுபடி. விரல் துள்ளித் தரையில் விழுந்தது.

குனிந்து பார்த்தான். செல்போன் கடையில் சாலிடரிங் சூடு பட்ட பழைய தழும்பு. அவனுடைய விரல்.

கையில் மொக்கையனின் கறுத்து வெடித்த கட்டைவிரல் அப்படியே இருந்தது.

மணிக்கட்டில் வெட்டினான். நாலு வெட்டு. ஐந்தாவதில் கை தனியாக விழுந்தது. வரவேண்டிய அளவுக்கு ரத்தம் வரவில்லை. வலிகூட எங்கோ தூரத்தில், யாருக்கோ வலிப்பது போல.

வெளியே செருப்புச் சத்தம். ஷட்டர் உயர்ந்தது. முதலில் வெயில் வந்தது. பிறகு சோற்றுத் தூக்கோடு தாமரைச்செல்வி.

"என்னங்க," என்றாள். தூக்கு விழுந்து குழம்பு ஓடியது.

மேசையில் இடது முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான் அருள்பாண்டி. அரிவாளின் பிடியை அவள் பக்கம் நீட்டினான்.

"வா தாமர. முழங்கைக்கு மேல வெட்டு. எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையற்ற மணிக்கட்டின் நுனியில், சதையை விலக்கிக்கொண்டு மொக்கையனின் கட்டைவிரல் மெல்ல மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டாவது விரல் ஒன்று முளைவிட்டிருந்தது.