நான்காவது நட்டு

மதியம் மூன்று மணிக்கு அவள் படகின் இன்ஜின் குழிக்குள் இறங்கினாள்.

கொழுந்தன் துறைப் படியிலேயே நின்றுகொண்டான். அந்தக் குழிக்குள் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துக் கிடந்த நாளிலிருந்து அவன் படகில் கால் வைக்கவில்லை. பம்பை மாற்ற வந்த மெக்கானிக்குகள் இருவரும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவிட்டார்கள்.

"அண்ணி, ஓடாத படகைத் துறையில விடமாட்டாங்க. இருட்டுறதுக்குள்ள ஓடலைன்னா காலைல படகு உடைக்கிறவங்க வந்துடுவாங்க. பேசாம விட்டுடுங்க."

"படகை நான் எடுத்துட்டுப் போயிடுவேன். அவங்க தண்ணியை உடைக்கட்டும்."

படகு போனால் அவள் பிழைப்பும் போகும். பத்து வருடம் அதற்கு டீசல் சுமந்தவள். சுக்கானை மட்டும் தொடவிட்டதில்லை, புருஷன். பொம்பளை கை பட்டால் இன்ஜின் படுத்துவிடும் என்பான்.

குழிக்குள் டீசல் நாற்றம். தேங்கிய உப்புநீரின் வீச்சம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப் அது. தண்ணீர் வரும் வழியை அடைத்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். நான்கு நட்டுகளையும் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, துணி எடுக்கத் திரும்பினாள்.

கிர்.

நான்காவது நட்டு தளர்ந்திருந்தது.

மறுபடி இறுக்கினாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

நட்டு தானாகத் திரும்பியது.

பின்கழுத்தில் ஈர மூச்சு பட்டது. சிகரெட் வாடை.

"ஏங்க," என்றாள் மெல்ல. "விட்டுடுங்க."

இன்னொரு சுற்று கழன்றது.

மேலிருந்து கொழுந்தனின் குரல். "அண்ணி? யார்கிட்ட பேசுறீங்க?"

"உங்கண்ணன்கிட்டதான். நீயும் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ."

செருப்புச் சத்தம் தடதடவென்று தூரமானது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனரை மறுபடி நட்டில் மாட்டினாள்.

"யோவ்."

பத்து வருடத்தில் ஒரு நாளும் அவனை அப்படி அழைத்ததில்லை.

"நீ கழட்டு. நான் இறுக்குறேன். யார் கை முதல்ல ஓயுதுன்னு பாத்துடலாம்."

இறுக்கினாள். கழன்றது. இறுக்கினாள். கழன்றது. உள்ளங்கை உரிந்து ஸ்பேனர் வழுக்கியது. சில்லென்ற விரல்கள் அவள் விரல்களின் மேல் படிந்து அழுத்தின.

அவள் கையை எடுக்கவில்லை.

ஒரு கட்டத்தில் நட்டு அசையாமல் நின்றது.

தண்ணீர் வழியைத் திறந்தாள். மேலே ஏறிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. துறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, படகை வெளியே எடுத்தாள். கரை சின்னக் கோடானது. சுற்றிலும் கடல்.

காலடிப் பலகைக்குக் கீழே, கிர்.

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

"கழட்டுய்யா. தண்ணி ஏறி முழுகினா நேரா உன்கிட்டதான் வருவேன். அப்புறம் என்னைக்கும் உன் கூடத்தான். வரட்டுமா?"