இடது கைப்பக்கம்

மறுநாள் கண்காட்சி. மத்தியானம் நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி அரங்குக்குள் வந்தபோது, புகைப்படக்காரன் ஏணிமேல் நின்று கடைசிப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தான். புதுப் பெயின்ட் வாடை மூக்கைத் துளைத்தது. குழல்விளக்கு ஒன்று விடாமல் ரீங்கரித்தது.

சுவர் முழுக்க அன்றாட வாழ்க்கைதான். லிஃப்டுக்குள் நெருக்கியடித்து நிற்பவர்கள், கடையில் பில் போடும் பெண், சிக்னலில் காத்திருக்கும் பைக்காரர். அவன் யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லமாட்டான். கேமராவை இடுப்போடு அணைத்து, நைசாக அமுக்கிவிட்டு நடையைக் கட்டுவான். ஒருத்தர்கூட லென்ஸைப் பார்த்திருக்க மாட்டார். அதுதான் அவன் பாணி. பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடின. ஐயாவுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

மகள் ஒரு மூலையில் தனக்குத்தானே கிசுகிசுத்து விளையாடினாள். மனைவி ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனவள், சட்டென்று நின்றாள்.

"ஏங்க, இவங்கல்லாம் எதைப் பார்க்கறாங்க?"

"எதையும் இல்லம்மா. அதுதானே நம்ம ஸ்டைலு!"

"விளையாடாதீங்க. எல்லாரும் ஒரே இடத்தைத்தான் பார்க்கறாங்க. படம் எடுக்கறப்போ உங்க இடது கைப்பக்கம். கொஞ்சம் கீழே."

அவன் இறங்கி வந்து பார்த்தான். லிஃப்டில் இருந்தவர்கள். பில் போடும் பெண். பைக்காரர். அத்தனை கண்களும் அவன் இடுப்புக்குப் பக்கத்தில் குத்திட்டிருந்தன.

ஒரு குழந்தை நின்றால் வரும் உயரம்.

இத்தனை நாளும் தெருத்தெருவாக அதைக் கூட்டிக்கொண்டா சுற்றினான்?

"பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் மனைவி. "புள்ள இருக்கற வீட்டுக்கு அந்தக் கேமராவைக் கொண்டுவராதீங்க."

அவன் கேமராவை அரங்கிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, மனைவிக்கும் மகளுக்கும் பின்னால் தெருவில் இறங்கினான். வெயில் கொளுத்தியது. எதிரே வந்தவர்களின் கண்களை ஒவ்வொன்றாகக் கவனித்தான். ஒருத்தர்கூட அவன் பக்கம் திரும்பவில்லை.

அப்பாடா.

எல்லாரும் அவனுக்கு முன்னால் பார்த்தார்கள்.

கொஞ்சம் கீழே.

மகளின் வலது கை அம்மாவின் பிடியில் இருந்தது. இடது கை வீசவே இல்லை. எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

அவள் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்து மெதுவாகச் சொன்னாள்:

"பயப்படாத. எங்க வீடு பக்கத்துலதான்."