மூடுவீட்டில் ஜன்னல்

உறையூரில் யாரும் தெருமுனைக் காற்றளவியைப் பார்க்காமல் கதவைத் திறக்க மாட்டார்கள். அதில் பச்சை விளக்கு நிலையாக எரியத் தொடங்கி ஒரு வருடமாகிவிட்டது. பழக்கம்தான் விடவில்லை. தில்லைநாயகம், பச்சையைப் பார்த்த பிறகும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டுதான் படியிறங்குவார்.

அவருடைய வீடு நச்சுப் புழுதி வீசிய காலத்தில் கட்டியது. ஜன்னலே கிடையாது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் மூச்சுப்பெட்டி கூடத்தில் ராப்பகலாக ஓடியது. காற்று தேறிவிட்டதால், அந்தப் பெட்டிகளுக்குத் தரும் தனி மின்சாரத்தைச் சித்திரையோடு நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் எல்லா மூடுவீடுகளிலும் ஜன்னல் வைத்தாக வேண்டும்.

கட்டடப் பொறியாளர் பர்வீன் கூடத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தாள்.

“சமையலறையில மட்டும் வைம்மா. இங்க வேணாம்” என்றார் தில்லைநாயகம்.

“ஒரு பக்கம் மட்டும் திறந்தா காத்து ஓடாது சார். வர ஒரு வழி, போக ஒரு வழி வேணும்.”

அவர் உள்ளறைக்குப் போய்விட்டார். அவர் மனைவி கோமளவல்லி பர்வீனின் காதருகில் வந்து சொன்னாள். “சின்ன வயசுல இவர் தம்பி கதவைத் திறந்துக்கிட்டுப் புழுதியில ஓடிட்டான். திரும்பத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க.”

பர்வீன் வெட்டுக்கருவியைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே போய், தன் கையடக்கக் காற்றளவியை அவரிடம் நீட்டினாள். “நீங்களே பாத்துக்கிட்டு இருங்க சார். முள்ளு அசைஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பவே அடைச்சிடறேன்.”

சமையலறைச் சுவரும் பிறகு கூடத்துச் சுவரும் வெட்டப்பட்டபோது அவர் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கல் பெயர்ந்தது. வெயில் அவர் கால்வரை வந்தது. சுவர்க் காலண்டர் படபடத்ததும் திடுக்கிட்டார். முள் அசையவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலை நிமிர்ந்தார். எதிர்வீட்டிலும் ஜன்னல் வைத்திருந்தார்கள். கவசத்துக்கு மேலே கண்களை மட்டுமே காட்டிப் பழகியிருந்த அந்த வீட்டுப் பெண், அங்கே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பெட்டியை நிறுத்திடலாமா சார்?”

“நானே நிறுத்துறேன்.”

ஸ்டூலில் ஏறி விசையைத் திருப்பிவிட்டு இறங்கினார். இரைச்சல் அடங்கியது.

“என்னங்க, சாப்பிட வாங்க!” என்று கோமளவல்லி பக்கத்தில் நின்றே கத்தினாள்.

எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். “மெதுவாக் கூப்பிடுங்கக்கா. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்துடப் போறாரு!”

கோமளவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அந்த இரைச்சலுக்கு மேலேதான் இருவரும் பேசி வந்திருக்கிறார்கள். கத்திப் பேசுவது வெளியிலும் வழக்கமாகிவிட்டது. அவள் அவர் தோளருகே வந்து தணிந்த குரலில் சொன்னாள். “சாப்பிட வாங்க.”

லேசாகக் கரகரத்த, இளகிய குரல். தில்லைநாயகம் அப்படியே நின்றார்.

“ஏன், காது கேக்கலையா?”

“கேட்டுச்சு கோமளா. இன்னொரு தடவை சொல்லு.”