இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், மிஸ்

இந்தக் கதை திங்கட்கிழமை தொடங்கியதா, செவ்வாய்க்கிழமையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இதை முன்பு சொன்னபோது தண்ணீர் வாளி பச்சை என்று ஒரு தடவையும், நீலம் என்று ஒரு தடவையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் யார் எப்போது பேசாமல் இருந்தார்கள் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மற்றதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. யாராவது கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அதனால் வகுப்பில் அவளை முந்திரிக்கொட்டை என்றார்கள். அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்குப் பொறுமை? முந்திரி என்று ஆயிற்று. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

முந்திரியின் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, அந்த வீட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சி பெற்று வந்தாள். முந்திரியின் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திப் பழகினாள். பயிற்சி முடிவதற்கு ஒரு மதிப்பீட்டு வகுப்பில் தேற வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சித்தி பாடம் நடத்துவதைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். மூன்று வாய்ப்பு தருவார்கள்.

கதை தொடங்கிய அன்று மாலை சித்தி வீட்டுக்குள் வந்தாள். தோளிலிருந்து பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "என்னடி ஆச்சு?"

"ரெண்டாவதும் போச்சு அக்கா."

"மேற்பார்வைக்கு வந்த அந்த அம்மா என்னதான் சொல்றாங்க?"

"வாயைத் திறக்கவே இல்லை. எழுதிக் கையில குடுத்துட்டாங்க."

சித்தி முகம் கழுவப் போனாள். மேசைமேல் கிடந்த தாளை முந்திரி எட்டிப் பார்த்தாள். அழகான கையெழுத்து. அழகாக இருந்ததாலேயே இன்னும் பயமாக இருந்தது.

'பாடப் பொருள்கள் நன்று. குரல் நன்று. ஆனால் கேள்வி கேட்டுவிட்டு, குழந்தைகள் யோசிப்பதற்குள் ஆசிரியரே பதிலையும் சொல்லிவிடுகிறார்.'

சித்தி துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "எனக்குத் தெரியாமலா இருக்கு? கேள்வி கேட்டதும் முப்பது பிள்ளைங்களும் கம்முனு உக்காந்திருக்குதுங்க. அந்த அமைதி இருக்கே, அது என் கழுத்தைப் பிடிக்குது அக்கா. யாருக்கும் ஒண்ணும் புரியலையோன்னு பயம் வந்துடுது. சட்டுனு நானே சொல்லிடறேன்."

"சரி விடு. வெள்ளிக்கிழமை இன்னொண்ணு இருக்குல்ல?"

"அதுவும் போச்சுன்னா பழைய துணிக்கடை வேலைக்கே போயிடறேன். நம்ம ஊர் பஸ் எத்தனை மணிக்குன்னு இன்னும் மறக்கலை."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

தினமும் மாலையில் சித்தி பாடத்தை வீட்டில் ஒரு தடவை நடத்திப் பார்ப்பாள். முந்திரிதான் வகுப்பு. முப்பது பிள்ளைகளும் அவள் ஒருத்தியே. அன்றைக்கும் வாளியில் தண்ணீர் பிடித்து நடுவே வைத்தார்கள். பக்கத்தில் ஒரு சாவி, ஒரு மரக்கரண்டி, ஓர் இலை, கடைசியாக ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். எது மிதக்கும், எது மூழ்கும் என்பதுதான் வெள்ளிக்கிழமைப் பாடம்.

"பிள்ளைங்களே, இந்தச் சாவியைத் தண்ணியில போட்டா…"

"மூழ்கும் மிஸ்."

"இந்த மரக்கரண்டி…"

"மிதக்கும் மிஸ்."

"கிண்ணம்?"

"அதுவும் மிதக்கும் மிஸ்."

"பாரு, வீட்டுல எவ்வளவு நல்லாப் போகுது," என்று சித்தி பெருமூச்சு விட்டாள். "ஸ்கூல்ல மட்டும்தான் எனக்கு வரமாட்டேங்குது."

அப்போதுதான் முந்திரிக்குச் சுருக்கென்றது.

வீட்டில் ஏன் நன்றாகப் போகிறது? அவள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். ஒருநாள்கூடச் சித்தி காத்திருக்க வேண்டி வந்ததே இல்லை. காத்திருந்து பழகாதவளுக்குக் காத்திருக்க எப்படி வரும்? முந்திரி உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக உபத்திரவம்தான் செய்திருக்கிறாள்.

அதை வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. 'உன்னால்தானா?' என்று சித்தி கேட்டுவிட்டால்?

மறுநாள் மாலை மறுபடி வாளி. மறுபடி சாவி.

"இந்தச் சாவியைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

முந்திரி வாயை இறுக மூடிக்கொண்டாள். மனதுக்குள் பத்து வரை எண்ணுவதாகத் திட்டம். ஒன்று. இரண்டு. பதில் நாக்கு நுனியில் வந்து குதித்தது. மூன்று எண்ணுவதற்குள்…

"மூழ்கும். ஏன்னா அது கனமா இருக்கு," என்றாள் சித்தி. பிறகு முந்திரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன், மிஸ்."

"சாவிக்கு என்னடி யோசனை? நேத்து நீதானே சொன்னே?"

"நேத்து நான் நாலாம் வகுப்பு. இன்னிக்கு ஒண்ணாம் வகுப்பு."

தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இவ பேசாம இருக்காளா? காலண்டர்ல குறிச்சு வைக்கணும்."

சித்தி முந்திரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ புரிந்ததுபோலத் தோன்றியது. சாவியைக் கையில் எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்த மாலை முந்திரியின் எண்ணிக்கையில் ஐந்துக்கு மேல் சித்தியால் தாங்க முடியவில்லை. நான்கு வந்தாலே கை பிசைவாள். ஐந்தில் "மூ…" என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொள்வாள். முந்திரி மட்டும் என்ன, பதிலை விழுங்கி விழுங்கி அவளுக்கு விக்கல் எடுத்தது. அம்மா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த நாள் சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டதும் கையில் இருக்கிற பொருளைத் தானும் உற்றுப் பார்ப்பது. பதில் தனக்கும் தெரியாததுபோல. அப்போது ஏழு வரை போக முடிந்தது. ஒரே ஒரு தடவை ஒன்பது.

"முப்பது பேர் முன்னாடி நின்னா இதெல்லாம் மறந்துடும்," என்றாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முந்திரியும்தான்.

வெள்ளிக்கிழமை.

ஒன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே மரப்பலகைத் தடுப்புதான் உண்டு. கூரை வரை எட்டாத தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். நான்காம் வகுப்பில் அன்று எழுத்துத் தேர்வு. கரும்பலகையில் பத்துக் கேள்விகள். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். முந்திரி ஆறு கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டு ஏழாவதுக்கு வந்தபோது, அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். மேற்பார்வையாளர் உட்கார்ந்துவிட்டார்.

முந்திரியின் பென்சில் அப்படியே நின்றது.

சாவி ஆயிற்று. மரக்கரண்டி ஆயிற்று. சித்தியின் குரல் நடுங்குவது வேறு யாருக்கும் தெரியாது. முந்திரிக்குத் தெரிந்தது. இரண்டு கேள்விக்கும் பிள்ளைகள் ஐந்து எண்ணுவதற்குள் பதில் சொல்லிவிட்டார்கள். இலைக்கும் அப்படியே.

"இப்போ இந்தக் கிண்ணம். இதைத் தண்ணியில வெச்சா என்ன ஆகும்?"

யாரும் பேசவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. முந்திரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு. ஐந்து. யாராவது சொல்லுங்களேன். ஆறு. ஏழு. இப்போது சித்தி சொல்லிவிடப் போகிறாள். எட்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் என்னவோ எழுதுகிறார். ஒன்பது. 'மிதக்கும்' என்ற சொல் முந்திரியின் தொண்டை வரை வந்துவிட்டது. தடுப்புக்கு மேலே ஒரு குரல் கொடுத்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். பத்து.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினொன்றோ பன்னிரண்டோ, ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"ரெண்டும் செய்யும் மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். முந்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு. பாடக்குறிப்பில் 'மிதக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறது. அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இவ்வளவு காத்திருந்ததற்குக் கடைசியில் தப்பான பதிலா?

சிரிப்பு அடங்கும்வரை சித்தி காத்திருந்தாள்.

"ரெண்டுமா? எனக்குக்கூட அது தோணலையே. வந்து காட்டறியா?"

குட்டிக் காலடிகள் நடந்துபோகும் சத்தம். தண்ணீர் சலசலத்தது.

"இப்படி மெதுவா நேரா வெச்சா மிதக்கும். இப்படிச் சாய்ச்சு விட்டா உள்ள தண்ணி போயிடும். அப்புறம்…"

டங் என்று வாளியின் அடியில் கிண்ணம் தட்டியது.

"மிஸ், நானு. மிஸ், எனக்கு. நான் முதல்ல." முப்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்தக் கூச்சலுக்குள் கனமான காலடிகள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வாளி இருக்கும் பக்கம் போனதை முந்திரி தெளிவாகக் கேட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளும் தன் மனதுக்குள் ஒரு கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். நூறு தடவை 'மிதக்கும்' என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அதைச் சாய்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

"நேரம் முடிஞ்சுது, தாளைக் குடுங்க," என்றார் நான்காம் வகுப்பு ஆசிரியர்.

சித்தி தேறினாள். இந்தத் தடவை தாளில் ஒரே வரி: 'காத்திருக்கிறார். காதுகொடுத்துக் கேட்கிறார்.' இப்போது இரண்டு பேருந்து மாறிப் போகிற ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். மேற்பார்வையாளர் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். 'ரெண்டும்' என்று சொன்ன குழந்தை அடுத்த வாரமே, பெரிய ஆளானதும் தொடர்வண்டி ஓட்டப்போவதாக அறிவித்தது. அம்மா வழக்கம்போலத் தைத்துக்கொண்டிருக்கிறாள். முந்திரிக்கு அன்றைய எழுத்துத் தேர்வில் பத்துக்கு ஆறு. அவள் வாழ்நாளிலேயே குறைந்த மதிப்பெண் அதுதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது சித்தி. ஏன் ஆறு என்று அவள் கேட்கவே இல்லை.